ரூஜ் ஆத்துக்கு ஒரு பெட்டி ஐஸ்

மீன் இல்லைப் பிள்ளை, பயப்படாதையும். மணக்காது. வெறும் தண்ணிதான் ஒழுகுது. காலைக் கொஞ்சம் அங்கால வைச்சீரெண்டால் சப்பாத்து நனையாது. பழைய பெட்டி, மூலையில ஒரு வெடிப்பு. மகள் சின்னனா இருக்கேக்க பிக்னிக் போகலாமெண்டு மனிசி வாங்கினது. எங்க பிக்னிக் போனது? எனக்கு பாண் சுடுற ஃபாக்டரியில இரவு வேலை. பெட்டி பேஸ்மென்டில கிடந்து கிடந்து வெடிச்சுப் போச்சு.

உள்ளுக்கு ஐஸ். ஓம், ஐஸ்தான். வீட்டு ஃபிரிட்ஜில உறைய வைச்சது.

சிரிக்கிறீர். சிரியும், சிரியும். போன மாதம் வரைக்கும் ரோட்டெல்லாம் ஐஸ் கிடந்த நாட்டில ஒருத்தன் வீட்டிலயிருந்து ஐஸ் கட்டிக்கொண்டு பஸ் ஏறினா எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

நீர் போனில கதைச்சதைக் கேட்டுத்தான் தமிழெண்டு பிடிச்சனான். இந்தியாவோ? கோயம்புத்தூரோ. நல்லது. படிக்க வந்திருக்கிறீர். இண்டைக்கு பார்க் பாக்கப் போறீர், தனியா. பறவாயில்லை, பயமில்லாத இடம். இந்த லோரன்ஸ் பஸ் கடைசி மட்டும் போகும். அதுக்கங்கால ரோட்டில்லை. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ஆறு. ரூஜ் எண்டு பெயர். ஆறு வாற பள்ளத்தாக்கு முழுக்க நாஷனல் பார்க்தான், ஆனா எங்கட ஸ்காபரோ சனம் மரக்கறி வாங்கப் போற மாதிரி பஸ்ஸில போய் இறங்கலாம். மான் நிக்கும். நரி கண்டனான். பீவர் எண்டொரு சீவன் இருக்கு, இவ்வளவு பெரிய மரத்தைப் பல்லால அறுத்து விழுத்தும். கொக்கு மாதிரி நீலமா ஒண்டு வரும், நெடுவல். அது திரும்பி வாற காலம் இப்பதான்.

நான் ஒவ்வொரு நாளும் வாறனான். எக்ஸசைசுக்கு. டொக்டர் நடக்கச் சொன்னவர்.

ஐஸ் எதுக்கெண்டோ? அது நீளக் கதை. கடைசி ஸ்டொப் மட்டும் வாறீர்தானே, அப்ப கேளும்.

என்ர மனிசி தைப்பொங்கல் கழியக் கண்ணை மூடிட்டா. தவமலர் எண்டு பெயர். நான் மலர் எண்டுறது. ஆஸ்பத்திரியிலதான். சளி எண்டாள், காய்ச்சல் எண்டாள், கொண்டு போய் விட்டம், அவ்வளவுதான். சரி, அது நடக்கிறதுதானே. ஆருக்குத்தான் நடக்காதது. நீர் முகத்தை அப்பிடி வைக்கத் தேவையில்லை, எனக்கு ஒண்டுமில்லை.

செத்தவீட்டில சனம் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டுது, எப்ப அழுவன் எண்டு. கல்லு மாதிரி நிக்கிறார் எண்டு பின்னால ரெண்டு பொம்பிளையள் கதைச்சது எனக்குக் கேட்டது. உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, எனக்கு ஒண்டும் வரேல்லை. பசி வந்துது. நித்திரை வந்துது. கொட்டாவி கூட வந்துது, அடக்கினன். அழுகை மட்டும் வரேல்லை. வராததை எங்க போய்த் தேடுறது?

கொள்ளி வைச்சதும் நான்தான். எங்களுக்கு மகள் ஒருத்திதான், ஆரணி. பிராம்டனில இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் சண்டை வந்தது சாம்பலாலதான். அவள் சொன்னாள், அப்பா, அம்மான்ர சாம்பலை வைச்சிருப்பம், கோடையில நான் ஊருக்குக் கொண்டு போய்க் கீரிமலையில கரைக்கிறன், அம்மா கேட்டவ எண்டு. கீரிமலை தெரியாதோ? யாழ்ப்பாணத்தில கடற்கரை. எங்கட ஆக்கள் முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து சாம்பல் கரைக்கிற இடம். நான் மாட்டனெண்டுட்டன். கோடை வரைக்கும் சாம்பல் முட்டியை வீட்டில வைச்சுக்கொண்டு ஆர் பாக்கிறது? நான் தனிய இருக்கிற வீடு. சோஃபாவில நான், அலுமாரியில அவள். என்ன விளையாட்டோ? செய்யிறதை நாளோட செய்து முடிக்கவேணும். முடிச்சால் மனிசன் தன்ர பாட்டைப் பாக்கலாம்.

ஆரணி என்ன சொன்னாள் தெரியுமோ? நீங்கள் அம்மாவை அவசரப்பட்டு அனுப்பப் பாக்கிறீங்கள் எண்டாள். பெத்த தகப்பனைப் பாத்து. அண்டையோட கதை நிண்டுது. போன் எடுத்தா பேரன்தான் கதைப்பான், தாத்தா சாப்பிட்டீங்களா, பை எண்டு வைச்சுடுவான்.

ரூஜில கரைப்பம் எண்டதும் நான்தான். ஏனெண்டால் எனக்குப் பெயர் தெரிஞ்ச ஆறு இந்த நாட்டில அது ஒண்டுதான். நான் கண்டதில்லை. மலர் சொல்லிச் சொல்லித் தெரியும். இலை பழுக்கிற காலத்தில சல்மன் மீன் ஏரியிலயிருந்து ஆத்துக்குள்ள ஏறும். தண்ணி கீழ வரும், மீன் மேல போகும். அதைப் பாக்க வருசா வருசம் இதே பஸ்ஸில வருவாள், சம்புடத்தில புட்டும் கட்டிக்கொண்டு. என்னையும் கூப்பிடுவாள். ஒருக்கா வாங்கோவனப்பா, மேல் முழுக்கக் காயம், எண்டாலும் விடாமல் ஏறுதுகள் எண்டுவாள். மீன் பாக்கிறதெண்டா சந்தைக்குப் போனாப் போச்சு எண்டு நான் சொல்லுவன். பிறகு பெஞ்சன் எடுத்து வீட்டில இருக்கேக்கையும் கூப்பிட்டவள்தான். எனக்கு அந்த நேரம் டிவியில நியூஸ் போகும். பஸ் ஏறி இறங்கினா ஆறு, அதில போய்ப் பாக்க என்ன இருக்கு? தண்ணி. சரியா விளங்கப்படுத்தி, இன்ன இன்ன இருக்கு, இன்ன மாதிரி இருக்கும் எண்டு அவள் சொல்லியிருந்தால் வந்திருப்பன். சொல்லத் தெரியாது அவளுக்கு. வாங்கோவன் எண்டுவாள், அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வாறன். அந்தியேட்டி மாசி மாதத்தில வந்துது. மாசிக் குளிர் உமக்கு இந்தமுறை தெரிஞ்சிருக்குமே. ஐயர் ஹோலில வைச்சுக் கிரியை எல்லாம் செய்து, சின்ன மண் முட்டியில சாம்பலைப் போட்டு, சிவப்புத் துணியால வாய் கட்டி, செவ்வந்தி மாலை சுத்தித் தந்தார். தந்து சொன்னார், ஆத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ, தோளுக்கு மேலால பின்னுக்கு விடுங்கோ, விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வாங்கோ. திரும்பிப் பாத்தால் போற உயிர் ஆரோ கூப்பிடினம் எண்டு நிண்டுடும். உங்கட பக்கமும் இப்பிடித்தானோ? அப்ப விளங்கும் உமக்கு.

பொம்பிளையள் ஹோலில சமையலோட நிண்டுட்டினம். ஆத்துக்கு வந்தது நானும் மனிசியின்ர தம்பி பாலேந்திரனும். நான் சொல்லுறன், இதில பிழை முழுக்கப் பாலேந்திரன்ரதான். நான் காரிலயிருந்து இறங்கேக்கையே கேட்டனான், என்னடாப்பா எல்லாம் வெள்ளையாக் கிடக்கு, ஆறு எங்க எண்டு. அவன் முன்னுக்கு ஓடிப் போய்க் காதைக் குடுத்துக் கேட்டுட்டு வந்து சொல்லுறான், ஓடுது அத்தான், வடிவாச் சத்தம் கேக்குது எண்டு. சத்தம் கேட்டது மெய்தான். ஐஸுக்குக் கீழால ஓடினா ஓடுற சத்தம் கேக்காதே? மேல என்ன இருக்கெண்டு பாக்கவேணுமெல்லே. ரியல் எஸ்டேட் செய்யிறவன், வீடு விக்கிற மாதிரிச் சொல்லிப்போட்டான்.

நான் திரும்பி நிண்டன். அவன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அவனும் திரும்பி நிண்டான். தேவாரத்தில ஒரு வரி வந்துது, மற்ற வரி வரேல்லை. முட்டியைத் தோளுக்கு மேலால விட்டன்.

தண்ணியில விழுந்தா எப்பிடிக் கேக்கும் பிள்ளை? தொபுக்கெண்டு கேக்கவேணும். கேட்டது டக்கெண்டு. டக்கெண்டு கேட்டுப் பிறகு சரசரவெண்டு ஓடு சறுக்கின சத்தம்.

நான் பாலேந்திரனைப் பாத்தன். அவன் என்னைப் பாத்தான். ரெண்டுபேரும் திரும்பேல்லை. எப்பிடித் திரும்புறது, ஐயர் சொன்னதுக்குப் பிறகு? அவன் மெல்லமாச் சொன்னான், அத்தான், ஐஸ் மெல்லிசுதான், உடைச்சுக்கொண்டு போயிருக்கும். நான் ஓம் எண்டன். நடந்தம். காருக்குள்ள ஹீட்டரைப் போட்டான். ஹோலில வந்து ஆரணி கேட்டாள், போயிட்டாவோ அப்பா எண்டு. போயிட்டா எண்டன். பருப்பும் கத்தரிக்காயும் நல்லாச் செய்திருந்தினம், ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான்.

அடுத்த நாள் பஸ் எடுத்து வந்தன். இதே பஸ். நாள் முடிஞ்சுதுதானே, இனிப் பாக்கலாம் எண்டு ஒரு நினைப்பு. வந்து கரையில நிண்டு பாக்கிறன். கிடக்கு. எல்லாம் கிடக்கு. முட்டி நாலு துண்டா, சிவப்புத் துணி, மாலை அப்பிடியே வட்டமா, நடுவில சாம்பல். நான் கறுப்பா இருக்குமெண்டு நினைச்சனான். வெள்ளை. பனியோட பனியா ஒரு குவியல். செவ்வந்தி மட்டும் இல்லாட்டி எது எதெண்டு தெரிஞ்சிருக்காது. கரையிலயிருந்து ஒரு கட்டில் நீளம் இருக்கும், அவ்வளவு கிட்ட.

ஆறு நிக்கேக்க ஆர் போறது? அவள் போகேல்லை பிள்ளை. நடுவழியில நிக்கிறாள், இந்தக் குளிருக்குள்ள. குளிர் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆடி மாதத்திலயும் காலுறை போடுற ஆள்.

அண்டு ராத்திரி ஸ்நோ கொட்டினது. நான் படுத்திருந்து யோசிக்கிறன், மூடுப்பட்டிருக்குமே எண்டு. மூடுப்பட்டால் வெயில் படாது, வெயில் படாட்டி உருகாது, உருகாட்டிப் போகாது. கணக்குச் சரிதானே? காலமை விளக்குமாத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினன். ஈர்க்கு விளக்குமாறு, தமிழ்க் கடையில வாங்கினது, மனிசி முற்றம் கூட்டுறதெண்டு கராஜ் வாசலைக் கூட்டுறவள். ஐஸுக்கு மேல மெல்ல நடந்து போய், சாம்பல் பறக்காமல் சுத்திவரக் கூட்டினன். பூ தெரியிற மட்டும். ஸ்நோ கொட்டுற நேரமெல்லாம் அப்பிடித்தான். வருவன், கூட்டுவன், கொஞ்சம் நிப்பன், போவன். கெதியாப் போய்ச் சேரட்டும் எண்டுதான். வேற ஒண்டுக்குமில்லை.

கதைக்கிறதோ? ஆரோட? அவளோடயோ? நானென்ன விசரனே. சும்மா, இண்டைக்கு வெளியில இத்தினை டிகிரி, பாலேந்திரன் வந்தவன், தண்ணி பைப் லீக் பண்ணுது, இப்பிடி ஏதும் வாய்க்குள்ள வரும். தனிய நிக்கிற மனிசனுக்கு வாறதுதான்.

ஒருநாள் அப்பிடிக் கூட்டிக்கொண்டு நிக்கிறன், கரையில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, பச்சை ஜக்கெட், பார்க்கில வேலை செய்யிறவள். கிளேர் எண்டு பெயர், அது பிறகுதான் தெரியும். சேர், வெளியில வாங்கோ, ஐஸ் மெல்லிசு எண்டு கத்துறாள். நான் என்ர இங்கிலீசில சொன்னன், மை வைஃப் இஸ் ஹியர் எண்டு. சொல்லிக் கீழ காட்டினன்.

அவளின்ர முகம் போன போக்கைப் பாக்கவேணும். கையில இருந்த ரேடியோவில என்னவோ கத்தினாள். நான் கூட்டி முடிக்கேல்லை, சைரன் கேக்குது. ஃபயர் எஞ்சின், அம்புலன்ஸ், பொலிஸ். ஆத்தங்கரை முழுக்கச் சிவப்பும் நீலமும். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட நாலு பெடியள் கயிறு கட்டிக்கொண்டு வயித்தால ஊர்ந்து வாறாங்கள், முதலையள் மாதிரி. என்னைப் பிடிச்சு ஒரு பலகையில படுக்க வைச்சு இழுத்துக்கொண்டு போனாங்கள். விளக்குமாத்தை விடேல்லை நான்.

கரையில வைச்சுப் பெரியவன் கேக்கிறான், சேர், உங்கட மனிசி எவ்வளவு நேரமாத் தண்ணிக்குள்ள? நான் சொன்னன், சின்ஸ் ஃபெப்ரவரி.

பொய்யோ? உண்மையைத்தானே சொன்னனான். அவன் என்னைப் பாக்கிறான், பொலிஸைப் பாக்கிறான். கிளேர்தான் விளங்கினவள். ஆத்தைப் பாத்தாள், பூவைப் பாத்தாள், ஓ எண்டாள். எங்கட ஆக்கள் அடிக்கடி வாற ஆறு, அவள் மாலை மிதக்கக் கண்டிருக்கிறாள். அவங்களுக்கு மெல்லச் சொன்னாள். அந்தப் பெரியவன் ஹெல்மெட்டைக் கழட்டிக் கக்கத்தில வைச்சான். அதைப் பாத்து மற்றவங்களும் கழட்டினாங்கள். செத்தவீட்டில கூட இவ்வளவு அமைதியா ஒருத்தரும் நிக்கேல்லை.

அதில ஒரு பெடியன் என்ர கையுறையைக் கழட்டி, கையைத் தன்ர ரெண்டு கைக்குள்ள வைச்சுச் சூடாக்கினான். உமக்கு இது நடந்திருக்கோ தெரியாது. கை விறைச்சால் ஒண்டும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. சூடு பட வெளிக்கிட்டாத்தான் உயிர் போற நோ. எனக்குக் கண்ணால தண்ணி ஓடினது, நிக்கேல்லை. மூக்காலயும் ஓடினது. அந்தப் பெடியன் ஸாரி சேர், ஸாரி சேர் எண்டு முதுகைத் தடவுறான். நான் சொன்னன், கை நோகுது, கைதான் எண்டு. திருப்பித் திருப்பிச் சொன்னன், கைதான், வேற ஒண்டுமில்லை எண்டு.

வீட்டு ஆக்களின்ர போன் நம்பர் கேட்டினம். நான் பாண் ஃபாக்டரி நம்பரைக் குடுத்தன். ஃபாக்டரி மூடிக் கனகாலம்.

பிறகு கிளேர் என்னட்டைச் சத்தியம் வாங்கினாள், ஐஸில கால் வைக்கக்கூடாதெண்டு. நான் கால் வைக்கேல்லை. கரையில ஒரு மரக்குத்தி இருக்கு, அதில இருப்பன். அவள் வந்து பக்கத்தில நிப்பாள். கூச்சமில்லாமல் கதைக்கிற பிள்ளை. அவள்தான் ஒவ்வொண்டாச் சொல்லித் தந்தவள், இது இன்ன தடம், அது இன்ன குருவி, சல்மன் எந்த மாதம் ஏறும், ஏறி முட்டை போட்டிட்டு அங்கேயே செத்துப் போகும் எண்டு. அது எனக்குத் தெரியாது. செத்துப் போறதை மலர் சொல்லேல்லை. ஏறுதுகள் எண்டுதான் சொன்னவள்.

பங்குனி பிறக்க வெயில் வந்துது. ஐஸ் நிறம் மாறினது, பாலா இருந்தது கண்ணாடியா வந்துது. நடுவில கறுப்பாத் தண்ணி தெரிஞ்சுது. கிளேர் வந்து சிரிச்சுக்கொண்டு சொன்னாள், இனிக் கனநாள் இல்லை சேர், உங்களுக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு. ஓம் எண்டன். அண்டைக்குப் பின்னேரம் யோகட் வாளி ஒண்டைக் கொண்டு வந்து, மர நிழலில கிடந்த ஸ்நோவை அள்ளி, கரையில நிண்டு எறிஞ்சன். சாம்பலுக்கு மேல போய் விழுற மாதிரி. கை பழகிட்டுது. அடுத்த நாளும் எறிஞ்சன். நிழலில முடிய, கார் பார்க்கில மெசின் ஒதுக்கின குவியல் இருந்துது, கறுத்த ஸ்நோ, அதை அள்ளினன்.

என்ன கேக்கிறீர்? முதல் கூட்டினீங்கள், பிறகு ஏன் மூடினீங்கள் எண்டோ? என்ன படிக்கிறீர் நீர், சட்டமோ?

அது வேற, இது வேற. வடிவா விளங்கிக்கொள்ளும். ஒரேயடியா உருகினால் சாம்பல் கரையில ஒதுங்கிச் சேத்தோட நிண்டுடும். மெல்ல மெல்ல உருகினாத்தான் நடு ஓட்டத்தில சேந்து ஏரிக்குப் போகும். அதுக்காகத்தான் மூடினனான். இது என்ர கணக்கு. நான் படிக்கேல்லைத்தான், எண்டாலும் ஐஸ் பற்றி இப்ப எனக்குத் தெரியும்.

போன கிழமை கார் பார்க் குவியலும் முடிஞ்சுது. எங்கும் ஸ்நோ இல்லை. அதுக்குப் பிறகுதான் இந்தப் பெட்டி. ஃபிரீசரில இடமிருக்கேல்லை. அவள் செய்து வைச்ச சாமான், எல்லாம் சின்னச் சின்னப் பெட்டியில. மீன்குழம்பு, ஆட்டுக்கறி, ஒடியல் கூழ். நான் வெளியில எடுத்தன். எறியேல்லை. சாப்பாட்டை எறியலாமோ. ஒண்டு ஒண்டாச் சூடாக்கிச் சாப்பிட்டன். கடைசிப் பெட்டி கூழ், முந்தநாள் பின்னேரம். நல்லாத்தான் இருந்துது. உப்புக் கொஞ்சம் கூட, எப்பவும் அப்பிடித்தான் போடுவாள். கழுவி வைச்சன். பிறகு ஃபிரீசர் முழுக்கத் தண்ணி வைக்க இடம் வந்துது.

நாளைக்கு ஆரணி வாறாள். அவளாப் போன் பண்ணினவள். அப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் வாறன், அம்மாவை விட்ட இடத்தைக் காட்டுங்கோ, ஒரு பூப் போடவேணும் எண்டாள். குரல் பழையபடி இருந்துது. அம்மா மாதிரியே வாங்கோவன் எண்டுறாள். பஸ் இருக்கு எண்டன்.

இப்ப விளங்குதே பிரச்சினை? அவள் வரேக்க அது அங்க கிடக்கக்கூடாது. போயிட்டா எண்டு சொன்ன வாய் இது. அதுக்குள்ள போய் முடிஞ்சிடவேணும்.

உண்மையைச் சொல்லுறதோ? நல்லாச் சொன்னீர். சொன்னா அவள் அள்ளிக்கொண்டு போயிடுவாள் பிள்ளை. ஒரு கரண்டியும் கொண்டு வந்து, ஐஸோட சேத்து அள்ளி, கீரிமலைக்குக் கொண்டு போயிடுவாள். பிறகு நான் எங்க வாறது?

இல்லை, நான் சொல்ல வந்தது, ஆத்துக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது. அது முறையில்லை. அதைத்தான் சொன்னனான்.

நேத்துப் போகேல்லை. காலமையிலயிருந்து மழை, கண்டிருப்பீர். சூடான மழை. குடை இருந்தது. சப்பாத்தும் போட்டு வாசல் மட்டும் வந்தனான். பிறகு கழட்டிப் போட்டு உள்ள போய் இருந்தன். டிவியைப் போட்டன். நியூஸ் போச்சுது. கூரையில மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்துது, ஓடுற மாதிரி. டிவிச் சத்தத்தைக் கூட்டினன். இரவெல்லாம் நிக்கேல்லை அது.

பாரும், வந்திட்டுது கடைசி ஸ்டொப். எவ்வளவு வெயில் இண்டைக்கு.

நீர் இறங்கும். நான் இறங்கேல்லை. கால் கொஞ்சம் ஏலாமல் இருக்கு. இந்த ட்ரைவருக்கு என்னைத் தெரியும், ஒண்டும் சொல்லமாட்டார். கோப்பி குடிச்சு முடிஞ்சுதான் பஸ்ஸைத் திருப்புவார். பெட்டியையோ? விடும். இந்தா, மூடியைத் திறந்து காட்டுறன். முழுக்கத் தண்ணி. பாக்களவில ரெண்டு மிதக்குது, அதுவும் நீர் கரைக்குப் போக முந்தி முடிஞ்சிடும்.

ஒரு உதவி செய்வீரோ? நேர போம். அந்த வளைவில ஒரு கம்பி வேலி, அதில நிண்டா ஆறு தெரியும். மரக்குத்திக்கு நேர, கரையோட ஒட்டிப் பாரும். செம்மஞ்சளா ஏதும் தெரியுதோ எண்டு. சாம்பல் தெரியாது, பூவைப் பாரும். நீர் அதில நிக்கிறது எனக்கு இந்த ஜன்னலால தெரியும்.

திரும்பி ஓடிவந்து சொல்லத் தேவையில்லை. உம்மட நாளை நான் பழுதாக்கக்கூடாது, நீர் பார்க் பாக்க வந்தனீர். கிளேரைக் கண்டால், மை ஃபிரெண்ட் எண்டு சொல்லும், நீலக் கொக்கு எதில நிக்குதெண்டு காட்டுவாள்.

இருந்தால் கையைத் தூக்கிக் காட்டும், அது போதும் எனக்கு. நான் நடந்து வந்திடுவன், கால் அவ்வளவுக்கு மோசமில்லை.

இல்லையெண்டால் பிள்ளை, நீர் உம்மட பாட்டில போம். திரும்பிப் பாக்காமல் போம்.